ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பத்து மில்லிகிராம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். பாதி நேரம் கவுன்டரில் மருந்து கொடுப்பது, மீதி நேரம் வார்டுக்குப் போய் உள்நோயாளிகள் வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது, இதுதான் வேலை. இதில் வருகிறவர்கள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக வயது, தொழில் போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மாத்திரை, அளவு, மணிக்கணக்கு மூன்றிலும் கை வைக்கவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்த அம்மாவிடமும் அவர் கணவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு 49 வயது, எடை 52 கிலோ, ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மாதவிடாய் நின்று ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்து முழிப்பு வரும், அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. ஆனி மாதக் கடைசியில் பொது மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். கணவருக்கு வயது 58, எடை 78 கிலோ. அவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு தம்பி இறந்த சமயத்தில் அதே டாக்டர் சோல்பிடம் என்ற தூக்க மாத்திரையை 10 மில்லிகிராம் எழுதியிருந்தார், அவரும் விட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒரு தொந்தரவும் இல்லை. அதே டாக்டர் அந்த அம்மாவுக்கும் சோல்பிடம் 10 மில்லிகிராம், ராத்திரி படுக்கும்போது ஒன்று, பத்து நாளைக்கு என்று எழுதினார். யாருக்கும் இதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. எனக்கும்தான். முதல் சீட்டுக்கு மருந்து கொடுத்தது எங்கள் கவுன்டர்.

முதல் நாலு வாரம்

தூக்கம் வந்தது. அதில் சந்தேகமே இல்லை, "மூணு வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கலீங்க" என்று பின்னால் அவரே சொன்னார். பத்து நாள் முடிந்ததும் அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினார், அப்புறம் இன்னொரு தடவை. சோல்பிடம் அட்டவணை எச்1 மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் அவர் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. பத்து நாளைக்கு எழுதிய சீட்டுக்கு மூன்று தடவை கொடுத்தது எங்கள் தவறு, அதை மறைக்கப் போவதில்லை.

காலையில் நடந்ததை வீட்டில் இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தும். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார். பள்ளியில் ரசீது எழுதும்போது ஒரு வரியை விட்டு அடுத்த வரியில் தொகையை எழுதினார். மகள் போனில் பேசும்போது "அம்மா, என்ன நாக்கு குழறுது" என்று கேட்டிருக்கிறாள், காலை ஆறு மணிக்கு. வயசாகுது, அந்தக் காலம் நின்றால் அப்படித்தான் என்று எல்லோரும் ஒரு பதிலில் முடித்துக்கொண்டார்கள். நாலாவது வாரம் மறுபடி டாக்டரிடம் போய் "மந்தமா இருக்குதுங்க" என்று சொன்னதற்கு சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10.9, மற்றதெல்லாம் சரி. இரும்புச்சத்து மாத்திரை சேர்ந்தது, டென்ஷனைக் குறைக்கச் சொன்னார்கள், தூக்க மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

விழுந்த காலை

ஆடி மாதம், புதன்கிழமை. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தினமும் போகிற ரோட்டில், மழை இல்லை, கூட்டம் இல்லை. அந்த அம்மாவின் ஸ்கூட்டர் மெதுவாக நடுத்தடுப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனதாகப் பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னார். பிரேக் பிடிக்கவில்லை, ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. வேறு யாருக்கும் அடி இல்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே, இசிஜி, தலைக்கு சிடி ஸ்கேன், சர்க்கரை எல்லாம் எடுத்தார்கள். கையைத் தவிர எல்லாம் சாதாரணம். டியூட்டி டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்று கேட்டதற்கு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டில் "வண்டி சறுக்கி விழுந்தது" என்று ஏறியது. மாவுக்கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பினார்கள்.

கைப்பையில் இருந்த அட்டை

மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனேன். எங்கள் வழக்கப்படி பையில் இருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்துக் காட்டச் சொல்வோம், வாயால் கேட்டால் பாதிதான் வரும். சோல்பிடம் அட்டை வெளியே வந்தது. "இத ஏங்கம்மா நேத்து சொல்லல" என்றேன். "தூக்க மாத்திரைன்னு சொன்னா வேற மாதிரி நெனைப்பாங்க கண்ணு" என்றார். நியாயம்தான், அந்தப் பெயருக்கு நம் ஊரில் இருக்கிற அர்த்தம் அப்படி.

அப்புறம் உட்கார்ந்து ஒரு நாளை மணிக்கணக்காகக் கேட்டேன். இந்த நிகழ்வில் நான் உருப்படியாகச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். கணவர் பத்து மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்து ஆறரைக்கு எழுந்திருப்பார். எட்டரை மணி நேரம். இந்த அம்மா எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, பாத்திரம் ஒதுக்கி, மாவு ஆட்டி வைத்து, பதினொன்றரைக்கு மாத்திரை போடுவார். ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். ஐந்தரை மணி நேரம். அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் மருந்து இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. வண்டி எடுக்கும்போது மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த எட்டு மணி நேரம் என்ற எண் எனக்குப் பழக்கமானது. அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த எட்டு மணி நேரத்தின் கதை

சோல்பிடம் அமெரிக்காவில் 1992 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. வயது வந்தோருக்கு 10 மில்லிகிராம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு. இருபது வருடம் கோடிக்கணக்கான சீட்டுகளில் அப்படியே எழுதப்பட்டது. 2013 ஜனவரி 10 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு விட்டது: பெண்களுக்குப் பாதி, அதாவது 5 மில்லிகிராம். மெதுவாகக் கரையும் வகைக்கு 12.5 என்பது 6.25 ஆனது. காரணமாக அவர்கள் காட்டிய கணக்கு இது: ஏறக்குறைய 250 ஆண்களுக்கும் 250 பெண்களுக்கும் 10 மில்லிகிராம் கொடுத்து, சுமார் எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் என்று கருதப்படும் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம். ஆண்களில் 3 சதவீதம் பேர் அந்த அளவைத் தாண்டி இருந்தார்கள். பெண்களில் 15 சதவீதம்.

"பெண்களுக்கு எடை குறைவு, அவ்வளவுதானே" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் கல்லூரியில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடுராத்திரி முழிப்புக்கென்று நாக்கடியில் வைக்கும் குறைந்த அளவு சோல்பிடத்துக்கு 2011 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தபோதே அதன் விவரத் தாளில் ஒரு கணக்கு இருந்தது. உடல் மருந்தை வெளியேற்றும் வேகம், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு, ஆண்களில் 4.0 மில்லி லிட்டர், பெண்களில் 2.7. கிலோக் கணக்கில் வகுத்த பிறகும் வித்தியாசம் நிற்கிறது. அந்த மாத்திரை ஆணுக்கு 3.5, பெண்ணுக்கு 1.75 மில்லிகிராம் என்றே வெளிவந்தது.

இந்த மருந்தின் கதை என்னை உறுத்துவதற்குக் காரணம் வேறு. மருத்துவ ஆராய்ச்சியில் பெண்களைச் சேர்க்காத காலம் ஒன்று இருந்தது, தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமைக்குப் பிறகு கருவுக்குக் கேடு வந்துவிடும் என்ற பயத்தில் 1977இல் அமெரிக்க நிர்வாகமே குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களை ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது, 1993இல்தான் அதை மாற்றினார்கள். சரி, மாற்றியாயிற்று. ஆனால் பெண்களை வரிசையில் நிறுத்திவிட்டு, முடிவை மட்டும் ஆண் பெண் எல்லோரையும் ஒரே குடத்தில் கொட்டிச் சராசரி எடுத்தால், அந்த 15ம் 3ம் சேர்ந்து 9 ஆகிவிடும். 9 என்ற எண்ணைப் பார்த்து யாரும் அளவைப் பாதியாக்க மாட்டார்கள்.

வேறு காரணம் இருக்குமா

மாத்திரைதான் காரணம் என்று உடனே முடிவுகட்டுவது சுலபம். அதனால் எதிர்ப்பக்கமாகவும் போய்ப் பார்த்தோம். வலிப்பு வந்ததற்கான அடையாளம் இல்லை, நாக்குக் கடி இல்லை, சிறுநீர் போகவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்காக இருந்தது. 10.9 ஹீமோகுளோபின் சோர்வைத் தரலாம், நேராகப் போகிற வண்டியைத் தடுப்பில் கொண்டுபோய் விடாது. சோல்பிடத்தை உடல் சிதைக்கும் நொதியைத் தடுக்கிற மருந்து ஏதாவது கூடப் போனதா என்பது முக்கியமான கேள்வி, ஏனென்றால் படர்தாமரைக்கு வாங்கும் இட்ராகொனசோல் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. இல்லை என்றார், பையிலும் இல்லை, எங்கள் பில்லிலும் இல்லை. மது இல்லை. சளி மருந்து இல்லை.

இரண்டு விஷயங்களை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒன்று, ஐந்தரை மணி நேரத் தூக்கமே ஒருவரை ஸ்கூட்டரில் கண் அயர வைக்கும், மாத்திரையே இல்லாவிட்டாலும். இரண்டாவது, ரத்தத்தில் சோல்பிடம் எவ்வளவு இருந்தது என்று பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது, பார்க்க நினைத்தபோது ஒரு நாள் கடந்துவிட்டது. கணவரோடு ஒப்பிடுவதும் சரியான ஒப்பீடு ஆகாது. அவர் 26 கிலோ அதிகம், மூன்று மணி நேரம் அதிகமாகத் தூங்குகிறார். ஆணுடம்பு பெண்ணுடம்பு வித்தியாசம் எவ்வளவு, யார் மாவு ஆட்டுகிறார்கள் என்ற வித்தியாசம் எவ்வளவு என்று இந்த ஒரு வீட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆள் மேல் சேர்ந்து விழுந்தன என்பதுவரை சொல்லலாம்.

எடுத்த முடிவும் அதற்கு முன் நடந்த பேச்சும்

மாத்திரை எழுதிய டாக்டரிடம் பேசினேன். மூத்தவர், கோபப்படாமல் கேட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "இருபது வருஷமா எழுதிட்டு இருக்கேன்மா. ஐரோப்பாவுல இன்னும் ரெண்டு பேருக்கும் பத்துதான், தெரியுமில்ல?" என்றார். தெரியும். ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் இதை ஆராய்ந்து, அளவை ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. 10 மில்லிகிராமே வைத்துக்கொண்டு, வண்டி எடுப்பதற்கு முன் குறைந்தது எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றது. கனடா அதே வருடம் பெண்களுக்கு 5 என்று குறைத்தது. 2019இல் பாஸ்டனைச் சேர்ந்த கிரீன்பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பார்த்துவிட்டு, பெண்களின் ரத்தத்தில் மருந்து அதிகம் நிற்பது உண்மை, ஆனால் அதனால் மறுநாள் வண்டி ஓட்டுவதில் பெண்களுக்கு அதிக ஆபத்து என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். எல்லா நாட்டு நிபுணர்களும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று நான் சாரிடம் பொய் சொல்லவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: ஐரோப்பாவின் எட்டு மணி நேரக் கணக்குப்படி பார்த்தாலும் இந்த அம்மாவுக்கு ஐந்து மணிக்கு அடுப்புப் பக்கம் போகிற தகுதி இல்லை, எட்டு மணிக்கு வண்டி எடுப்பது விளிம்பில் நிற்கிறது. 5 மில்லிகிராமுக்குக் குறைத்துப் பார்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம், தூக்கம் போதவில்லை என்றால் தெரிந்துவிடப் போகிறது. கூடவே 2020இல் சக்கர், பிரெண்டர்காஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டதையும் காட்டினேன். ஆண் பெண் உடலில் வேறுபட்டு நடக்கும் 86 மருந்துகளை எடுத்துப் பார்த்ததில் 76இல் பெண்களின் உடலில்தான் மருந்து கூடுதலாக நிற்கிறது, பக்கவிளைவும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கிறது. சார் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, அஞ்சு எழுதறேன். ஆனா அவங்க எழுந்திருக்கற நேரத்த நீ மாத்து, அது என்னால முடியாது."

அன்றைக்கு எடுத்த முடிவுகள் இவை. 5 மில்லிகிராம் இரண்டு வாரம், அப்புறம் 2.5 இரண்டு வாரம், பிறகு நிறுத்திப் பார்ப்பது. நாலு வாரத்துக்கு மேல் சாப்பிட்டதை ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பி வரலாம், அப்போது பயந்து மறுபடி பத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால்தான் இந்தப் படிப்படி. ராத்திரி எரிச்சல்தான் மூலக் காரணம், அதற்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்புவது. கட்டுப் பிரிக்கும்வரை எப்படியும் வண்டி கிடையாது, அதன் பிறகும் மாத்திரை இருக்கும்வரை கிடையாது. பத்தரைக்குள் படுக்கை, அதற்கு முன் மாத்திரை தொடக்கூடாது.

அடுத்த பத்து வாரம்

5 மில்லிகிராமுக்கு வந்து ஐந்தாறு நாளில் காலை மந்தம் போய்விட்டது. மகள் போனில் கேட்டாள், குரல் சரியாக இருக்கிறது என்று. தூக்கம் பத்தில் வந்த மாதிரி ஆழமாக இல்லை, நடுவில் ஒரு தடவை முழிப்பு, திரும்பத் தூங்கினார். 2.5க்கு இறங்கிய வாரம் மோசம், மூன்று ராத்திரி தூக்கமே இல்லை, போன் பண்ணி "பழைய மாத்திரையே போட்டுக்கட்டுமா கண்ணு" என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் பாருங்க என்றேன், அதற்குள் மகளிர் மருத்துவர் கொடுத்த மருந்து எரிச்சலைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. நான்கு வாரம் என்று போட்ட கணக்கு எட்டு வாரம் ஆனது. ஒன்பதாவது வாரத்திலிருந்து மாத்திரை இல்லை.

படுக்கும் நேரத்தை மாற்றச் சொன்னது எளிதில் நடக்கவில்லை. கை கட்டில் இருந்தபோது கணவரும் மகனும் மாவு ஆட்டினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். கட்டுப் பிரித்ததும் வேலை பழைய கைக்கே திரும்பிவிட்டது, கடையில் மாவு வாங்குவது மட்டும் நிலைத்தது. பத்தரை என்று சொன்னது பதினொன்றில் நிற்கிறது.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் பக்கவிளைவுப் படிவம் அனுப்பினோம். காரணம் என்ற இடத்தில் "சாத்தியம்" என்று போட்டேன். அளவைக் குறைத்ததும் மந்தம் போனதை வைத்து "பெரும்பாலும்" என்று போடலாம் என்றார் உடன் வேலை பார்ப்பவர், தூக்கக் குறைவு என்ற இன்னொரு காரணம் நிற்பதால் நான் போடவில்லை. அந்தப் படிவத்தில் வயது, பாலினம், எடை மூன்றுக்கும் இடம் இருக்கிறது. எங்கள் எச்1 பதிவேட்டில் சட்டம் கேட்பது எழுதிய டாக்டர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை. ஆணா பெண்ணா, எத்தனை கிலோ என்று அது கேட்பதில்லை.

இப்போது மாற்றியிருப்பது

கவுன்டரில் முதல் முறை சோல்பிடம் 10 வாங்க வருகிற பெண்ணாக இருந்தால், கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் பண்ணி "அஞ்சில் ஆரம்பிக்கலாமா" என்று கேட்கிறோம். பத்துதான் வேண்டும் என்று அவர் சொன்னால் பத்து கொடுக்கிறோம், காரணத்தை எழுதிக்கொள்கிறோம். 65 வயதுக்கு மேல் ஆணோ பெண்ணோ 5 என்பது ஏற்கெனவே இருந்த விதி. பழைய சீட்டுக்கு மறுபடி கொடுப்பதை நிறுத்தியதில் கவுன்டரில் சண்டை வருகிறது, வரட்டும். "எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்" என்பதோடு "எத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டும், எழுந்ததும் என்ன வேலை" என்றும் கேட்கிறோம், ஏனென்றால் முதல் கேள்விக்கு வரும் பதில் பல வீடுகளில் உண்மை இல்லை. வார்டில், விழுந்து அடிபட்டு வரும் எல்லோரிடமும் "தூக்கத்துக்கு ஏதாவது" என்று தனியாகக் கேட்கச் சொல்லியிருக்கிறோம், தூக்க மாத்திரை என்ற சொல்லைச் சொல்லாமல்.

மறுபடி இதே நிலைமை வந்தால் நான் வேறு மாதிரி செய்ய நினைப்பது ஒன்று: நாலாவது வாரம் அந்த அம்மா மந்தம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது, அதே நாளில் எங்கள் கவுன்டரில் மூன்றாவது அட்டை வாங்கியிருக்கிறார். பில் இருக்கிறது. கொடுத்த கை என்னுடையதா என்று பார்த்தேன், அன்றைக்கு எனக்கு லீவு. ஆனால் நான் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து வந்தது கையைக் காட்டுவதற்கு. கணவர் கவுன்டருக்கு வந்து தன் அட்டையை எடுத்து வைத்து, "ஏம்மா, அப்ப எனக்கும் பாதி போதுமா?" என்று கேட்டார். 2013 அறிவிப்பில் ஆண்களுக்கும் 5 மில்லிகிராமை யோசித்துப் பார்க்கலாம் என்று டாக்டர்களுக்கு ஒரு வரி இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சாரிடம் கேட்டு வரச் சொன்னேன். இப்போது அவர் அஞ்சுதான் சாப்பிடுகிறார், வாரத்தில் இரண்டு நாள், தூக்கத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்கிறார்.